உப்பு சின்னது, சர்க்கரை பெரியது: செல் சவ்வு எதைப் பார்த்து உள்ளே விடுகிறது?

அளத்துக்காரன் (ஆறுமுகநேரி):

மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், பயாலஜி குரூப். நான் படித்தது பி.காம்., வேலை உப்பளத்தில் கணக்கு எழுதுவது. அவள் கேட்கிற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பதால் இங்கே கொண்டுவந்து போடுகிறேன். தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லுங்கள். புத்தகத்தில் இருக்கிற வரியையே திருப்பி எழுதிவிடாதீர்கள், அது எங்களிடமே இருக்கிறது.

முதல் சந்தேகம். செல் சவ்வு எல்லாவற்றையும் விடாது, தேர்ந்தெடுத்துத்தான் விடும் என்று போட்டிருக்கிறது. டியூஷனில், சின்ன மூலக்கூறு போகும் பெரியது போகாது என்று சொல்லி முடித்துவிட்டார்கள். ஆனால் அதே பாடத்தில் நாலு பக்கம் தள்ளி, சோடியம் அயனி தானாகப் போகாது என்று இருக்கிறது. சோடியம் ஒரே ஒரு அணு. ஆக்சிஜன் இரண்டு அணு சேர்ந்தது, அது சுலபமாகப் போகிறதாம். சில ஹார்மோன்கள் சோடியத்தைவிட எத்தனையோ மடங்கு பெரியவை, அவையும் போகின்றனவாம். அப்படியென்றால் அளவுக் கணக்கு எங்கே போயிற்று?

இரண்டாவது வீட்டு விஷயம். மாங்காயை வெட்டிக் கல்லுப்பு போட்டுக் குலுக்கி ஜாடியில் வைத்தால் மறுநாள் காலையில் துண்டுகள் சுருங்கித் தண்ணீர் விட்டு நிற்கிறது. உப்பு உள்ளே போகாது, தண்ணீர்தான் வெளியே வரும், அதுதான் சவ்வூடு பரவல் என்கிறது புத்தகம். சரி. பத்து நாள் கழித்து அதே துண்டைக் கடித்தால் உள்ளே வரைக்கும் உப்புக் கரிக்கிறதே, அது எப்படிப் போனது?

மூன்றாவது என்னுடையது. பாத்தியில் தண்ணீரின் உப்பு அடர்த்தி 24, 25 டிகிரி (போமே அளவு, சூடு அல்ல) ஏறி உப்பு விழுகிற நேரத்தில் சிவந்துவிடும், பார்த்தவர்களுக்குத் தெரியும். மண்ணின் நிறம் என்பார்கள் பழைய ஆட்கள். மகள் அது உயிருள்ள கிருமி என்கிறாள். ஒரு கைப்பிடி உப்புக்கே மாங்காய் சுருங்கும்போது, உப்புக்குள்ளேயே கிடக்கிற அந்தக் கிருமி ஏன் வற்றிப் போகவில்லை?


பாளை டீச்சர்:

அளத்துக்கார அண்ணாச்சி, பல வருஷம் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன், இதைக் கேட்கிற பிள்ளைகள் குறைவு. உங்கள் மகளிடம் சொல்லுங்கள். முதல் இரண்டு கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன், பாத்தி விஷயத்துக்கு என்னைவிடத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

அளவை முதலில் ஓரமாக வையுங்கள். அதற்கும் பங்கு உண்டு, ஆனால் இரண்டாம் இடம்தான். முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பொருளுக்குத் தண்ணீரோடு எவ்வளவு ஒட்டுதல் என்பதை. ஏனென்றால் சவ்வின் நடுப்பகுதி எண்ணெய். பாஸ்போலிப்பிடு என்கிற மூலக்கூறுக்கு ஒரு தலை, இரண்டு வால். தலையில் மின்னூட்டம் இருப்பதால் தண்ணீர் பிடிக்கும்; வால்கள் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் கோத்த சங்கிலி, தண்ணீர் ஆகாது. இவற்றைத் தண்ணீரில் விட்டால் யாரும் அடுக்கிவைக்க வேண்டாம், தாமாகவே இரண்டு வரிசையாகச் சேர்ந்து வால்களை உள்ளே மறைத்துக்கொண்டு தலைகளை இரு பக்கமும் தண்ணீரைப் பார்க்க வைத்துக்கொள்ளும். ஓரம் திறந்து கிடந்தால் வால் நனையும் என்பதால் வளைந்து மூடிக்கொள்ளவும் செய்யும். மெல்லிய ஊசியால் செல்லைக் குத்தி எடுத்தால் அந்த ஓட்டை அடைந்துகொள்கிறதே, அதுவும் இதனால்தான். மொத்தத் தடிமன் 7, 8 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் அடுக்கலாம்.

இப்போது சோடியத்துக்கு வருவோம். அது ஒற்றை அணுதான், ஆனால் ஒற்றையாக இருப்பதே இல்லை. மின்னூட்டம் இருப்பதால் தண்ணீர் மூலக்கூறுகள் அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டே இருக்கும். எண்ணெய்க்குள் நுழைய வேண்டுமென்றால் அத்தனை தண்ணீரையும் உதறிவிட்டு வர வேண்டும், அதற்கு ஆகிற ஆற்றல் ரொம்ப அதிகம். ஆக்சிஜனுக்கு அந்தத் தொல்லையே இல்லை, மின்னூட்டமும் இல்லை, தண்ணீரோடு பெரிய ஒட்டுதலும் இல்லை, நேராகப் போய்விடும். நீங்கள் சொன்ன ஹார்மோன்கள் கொலஸ்ட்ராலில் இருந்து வருபவை, அவற்றுக்கு எண்ணெய்தான் சொந்த வீடு, பருமனாக இருந்தாலும் கரைந்து கடந்துவிடும். குளுக்கோஸ் இடையில் மாட்டிக்கொண்டது: மின்னூட்டம் இல்லை, ஆனால் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் உடம்பெங்கும் உண்டு, ஆளும் பெரியது. தண்ணீரும் எண்ணெய்க்கு ஒத்ததல்ல, ஆனால் மிகச் சின்னது, மின்னூட்டமும் இல்லை, அதனால் கொஞ்சம் கசிந்துவிடும். அளவு உதவிக்கு வருவது இந்த இடத்தில்தான். புரதம் எதுவும் சேர்க்காத செயற்கைச் சவ்வில் அளந்தால் சோடியத்தைவிடத் தண்ணீர் ஏறக்குறைய நூறு கோடி மடங்கு எளிதாகக் கடக்கிறது.

இதையெல்லாம் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். 1890களில் சூரிச்சில் ஓவர்டன் என்பவர் நூற்றுக்கணக்கான பொருள்களைச் செல்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். எண்ணெயில் எவ்வளவு நன்றாகக் கரைகிறதோ அவ்வளவு சீக்கிரம் உள்ளே போனது. சவ்வைக் கண்ணால் பார்க்காமலே அது கொழுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அப்புறம் 1925இல் நெதர்லாந்தில் கார்ட்டரும் கிரெண்டலும் சிவப்பணுக்களில் இருந்த கொழுப்பைப் பிரித்தெடுத்துத் தண்ணீர் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பினார்கள். அந்தப் பரப்பு, செல்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. அப்படியானால் இரண்டு அடுக்கு! இதில் வேடிக்கை, அவர்கள் கொழுப்பை முழுசாக எடுக்கவும் இல்லை, செல்லின் பரப்பையும் குறைத்தே கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு தவறும் ஒன்றையொன்று சரிக்கட்டி, விடை மட்டும் சரியாக வந்துவிட்டது.

இன்னொன்றும் பிள்ளைகள் மனதில் ஏறுவதில்லை. படத்தில் வரிசையாக நிற்கிற மாதிரி வரைந்திருப்பதால் செங்கல் சுவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நிஜத்தில் அது ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதியில் நிற்கிற கூட்டம். பக்கத்து ஆள் மாறிக்கொண்டே இருப்பார், நகர்ந்து நகர்ந்து எங்கேயோ போய்விடலாம், ஆனால் கூட்டத்தை விட்டு வெளியே வர முடியாது. ஒரு லிப்பிடு மூலக்கூறு ஒரு நொடியில் ஒரு கோடி முறை வரை பக்கத்து மூலக்கூறோடு இடம் மாறுகிறது. மேல் அடுக்கில் இருப்பது கீழ் அடுக்குக்குக் குட்டிக்கரணம் போடுவது மட்டும் அபூர்வம், தலை எண்ணெயைத் தாண்ட வேண்டுமே. 1970இல் ஃபிரையும் எடிடினும் மனித செல்லையும் எலி செல்லையும் ஒன்றாக இணைத்து, இரண்டின் புரதங்களுக்கும் வேறு வேறு நிறம் ஏற்றிப் பார்த்தார்கள். முதலில் பாதிக்குப் பாதி பிரிந்து நின்றது. உடம்புச் சூட்டில் 40 நிமிஷத்தில் முழுக்கக் கலந்துவிட்டது, குளிரில் வைத்தால் கலக்கவில்லை. சவ்வு திரவம்போல நகரும், புரதங்கள் அதில் மிதக்கும் என்று 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் சொன்ன புளூயிட் மொசைக் மாதிரிக்கு இது பெரிய பக்கபலம்.

மாங்காய். புத்தகமும் சரி, உங்கள் நாக்கும் சரி. முதல் நாள் செல்கள் உயிரோடு இருக்கின்றன, சவ்வு உப்பை நிறுத்திவிடுகிறது, தண்ணீர் மட்டும் வெளியேறுகிறது, சவ்வு செல் சுவரை விட்டு உரிந்து உள்ளே சுருங்குகிறது. அப்படியே கிடந்தால் செல் செத்துப்போகும். செத்த செல்லின் சவ்வு எதையும் நிறுத்தாது. அதன் பிறகுதான் உப்பு பைய உள்ளே ஏறுகிறது. ஆக, ஊறுகாய் ஊறுவது செல் செத்த பிறகு.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பீட்ரூட்டைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, வெட்டுப்பட்ட செல்களின் சாயம் போகும்வரை நன்றாகக் கழுவுங்கள். பாதியைப் பச்சைத் தண்ணீரிலும் பாதியைக் கை பொறுக்காத சூட்டிலுள்ள தண்ணீரிலும் போட்டு அரைமணி நேரம் விடுங்கள். பச்சைத் தண்ணீர் லேசாகத்தான் நிறம் மாறும், வெந்நீர் ரத்தச் சிவப்பாகிவிடும். சாயம் இரண்டிலும் ஒன்றுதான், சூடு சவ்வைக் கெடுத்துவிட்டது. முட்டையை வினிகரில் போட்டு ஓட்டைக் கரைத்துக் காட்டுகிற சோதனை எனக்கு அவ்வளவு பிடிக்காது. அங்கே தெரிகிற தோல் செல் சவ்வே அல்ல, ஓட்டுக்கு அடியில் இருக்கிற புரத நார். சவ்வூடு பரவலைக் காட்ட உதவும், அதோடு சரி.


திசையன்விளைத் தம்பி:

டீச்சர், நீட்டுக்கு இவ்வளவு வேண்டாம். சவ்வில் இருக்கிற சோடியம்-பொட்டாசியம் பம்ப்: சோடியம் மூணு வெளியே, பொட்டாசியம் ரெண்டு உள்ளே, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. ஒண்ணு செலவு. இதை மனப்பாடம் பண்ணினால் மார்க் வந்துவிடும். பாப்பாவை ஏன் பயமுறுத்துகிறீர்கள்?


ஜங்ஷன் லேப்காரன்:

தம்பி, அந்த மூணு ரெண்டு கணக்கை நான் தினமும் ஃபிரிட்ஜில் பார்க்கிறேன், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ரத்த வங்கியில் சிவப்பணுக்களை 2 முதல் 6 டிகிரி குளிரில் வைப்போம். பழைய பை ஆக ஆக, பையில் செல்லுக்கு வெளியே இருக்கிற திரவத்தில் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போகும். செல் உடையாமலேயே ஏறும். ஏன்? நம் உடம்பில் செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் லிட்டருக்கு 140 மில்லிமோல் பக்கம், வெளியே ரத்தத்தில் 4, 5தான். சோடியம் இதற்கு நேர் எதிர், வெளியே 140, உள்ளே பத்துச் சொச்சம். சவ்வு எவ்வளவு நல்ல தடுப்பாக இருந்தாலும் கொஞ்சம் கசியத்தான் செய்யும், கசிந்ததைத் திருப்பித் திருப்பி இறைத்துக்கொண்டே இருப்பது அந்த பம்ப். குளிரில் அது கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது, கசிவு மட்டும் நடக்கிறது. பச்சிளம் குழந்தைக்கு நிறைய ரத்தம் ஏற்ற வேண்டிய நேரத்தில் புதிய பையாகக் கேட்பார்கள், அதற்கு இதுவும் ஒரு காரணம். சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதனின் உடம்பு செலவழிக்கிற ஆற்றலில் கணிசமான பங்கு இந்த ஒரு பம்புக்குப் போகிறது, மூளையில் அது இன்னும் அதிகம். டென்மார்க்கில் ஸ்கௌ என்பவர் 1957இல் இதைக் கண்டுபிடித்தது நண்டுக் கால் நரம்பில். புன்னைக்காயல் பக்கத்து மீனவர்கள் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். 1997இல் நோபல் கொடுத்தார்கள்.

இனி டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சலைன் பாட்டிலில் 0.9 சதவீதம் உப்பு என்று போட்டிருக்கும், லிட்டருக்கு 9 கிராம். சிவப்பணுவை அதில் போட்டால் அப்படியே இருக்கும். வடிநீரில் போட்டால் தண்ணீர் உள்ளே பாய்ந்து உப்பி உடைந்துவிடும், டியூபில் கலங்கலாக இருந்தது கண்ணெதிரே தெளிந்து கண்ணாடிச் சிவப்பாகும். அதிக உப்பில் போட்டால் சுருங்கி ஓரமெல்லாம் முள் முள்ளாக நிற்கும். இதுவரை புத்தகத்தில் இருப்பது. இதைக் கவனியுங்கள்: சலைனுக்குச் சமமான அடர்த்தியில் யூரியாவைக் கரைத்து, அதில் சிவப்பணுவைப் போட்டால் வடிநீரில் போட்ட மாதிரியே உடைந்துவிடும். கரைந்திருக்கிற துகள்களின் எண்ணிக்கை அதேதான். ஆனால் யூரியா சிவப்பணுவின் சவ்வைக் கடந்து உள்ளே போய்விடுகிறது, பின்னாலேயே தண்ணீரும் போகிறது. எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதோடு, கரைந்தது சவ்வைத் தாண்டுமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

அளவுக் கேள்விக்கும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது, அது பாப்பாவுக்குப் பிடிக்கும். அயனிகள் எண்ணெய் வழியாகப் போக முடியாது என்பதால் சவ்வில் புரதங்கள் குறுக்கே பொதிந்து அவற்றுக்கென்று வழி வைத்திருக்கின்றன. பொட்டாசியம் போகிற வழி ஒன்று உண்டு. அதில் பொட்டாசியம் நொடிக்குக் கோடிக்கணக்கில் போகும், அதைவிடச் சின்னதான சோடியம் போகாது! பெரியது போகிறது, சின்னது நிற்கிறது. 1998இல் மெக்கின்னன் ஒரு மண் பாக்டீரியாவின் புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ்ரேயில் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. அந்த வழியின் குறுகிய இடத்தில் ஆக்சிஜன் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன, பொட்டாசியத்தைச் சுற்றித் தண்ணீர் எந்தத் தூரத்தில் நிற்குமோ அதே தூரத்தில். அதனால் பொட்டாசியம் தண்ணீரை உதறினாலும் நஷ்டமில்லை, அதே பிடி இங்கே கிடைக்கிறது. சோடியம் சின்னது என்பதால் எல்லா ஆக்சிஜனும் அதற்கு எட்டாது, தண்ணீரை உதறினால் நஷ்டம், அதனால் வருவதில்லை. திரும்பவும் டீச்சர் சொன்ன தண்ணீர் ஒட்டுதல் கணக்குதான்.

தண்ணீருக்கும் இப்படி ஒரு தனி வழி உண்டு, அக்வாபோரின். பீட்டர் ஏக்ரே சிவப்பணுவில் ஆர்ஹெச் ரத்த வகை சம்பந்தமாக வேறு எதையோ தேடும்போது கூடவே வந்து நின்ற புரதம் அது. என்ன வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. 1992இல் தவளை முட்டை செல்லில் அதை உண்டாக்கிச் சுத்தத் தண்ணீரில் விட்டார்கள், உப்பி வெடித்தது. அந்தப் புரதம் இல்லாத முட்டை அப்படியே கிடந்தது. ஒரு வழியில் நொடிக்கு சுமார் 300 கோடி தண்ணீர் மூலக்கூறு போகும். 2003இல் ஏக்ரேயும் மெக்கின்னனும் நோபலைப் பங்கிட்டுக்கொண்டார்கள். நம் சிறுநீரகம் ஒரு நாளில் 180 லிட்டர் வடிகட்டிவிட்டு, ஒன்றரை லிட்டர் மட்டும் வெளியே விடுகிறதே, மிச்சத்தில் பெரும்பகுதியைத் திரும்ப இழுப்பது இந்த வழிகளால்தான். வெயிலில் அளத்தில் நின்றால் சிறுநீர் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போவது, அந்த நேரத்தில் சிறுநீரகச் செல்கள் இன்னும் அதிகமான வழிகளைச் சவ்வில் கொண்டுவந்து பதிப்பதால்.


அபிஷேகப்பட்டியில் படித்தவன்:

பாத்திக் கேள்வி என்னுடையது. மகள் சொல்வது சரி, அந்தச் சிவப்பு பெரும்பாலும் உயிர்தான். இரண்டு கூட்டம் சேர்ந்து இருக்கும், இரண்டும் வெவ்வேறு வழியில் பிழைக்கின்றன.

ஒன்று துனாலியெல்லா என்கிற பாசி. இதற்குச் செல் சுவர் கூடக் கிடையாது, வெறும் சவ்வுதான், அதனால் உண்மையிலேயே மாங்காயைவிட மோசமாகச் சுருங்க வேண்டியது. அது செய்கிற காரியம், உள்ளே கிளிசராலைத் தயாரித்துக் குவித்துக்கொள்வது. வெளியே உப்பு ஏற ஏற உள்ளே கிளிசரால் ஏறும், இரண்டு பக்கமும் சமமாகிவிட்டால் தண்ணீர் வெளியேறக் காரணமில்லை. மழை பெய்து பாத்தித் தண்ணீர் நீர்த்துப் போனால் கிளிசராலைக் குறைத்துக்கொள்ளும். சாதாரணச் செல் சவ்வுகளில் கிளிசரால் ஓரளவு கசிந்துவிடும், இதன் சவ்வு அதை ஏறக்குறைய விடுவதே இல்லை. விட்டால் பிழைப்பே போச்சு. இது பீட்டா கரோட்டினைச் சேர்த்துவைப்பதால் ஆரஞ்சாகத் தெரியும், மருந்து, உணவு நிறத்துக்காக இதை வளர்த்து விற்கவும் செய்கிறார்கள்.

இன்னொன்று ஹாலோபாக்டீரியம் வகையறா. பெயரில் பாக்டீரியா இருந்தாலும் அது ஆர்க்கியா என்ற தனி இனம். இது கிளிசராலுக்கெல்லாம் போகாது, பொட்டாசியத்தை வெளியே இருக்கிற உப்புக்கு ஈடாக உள்ளே நிரப்பிக்கொள்ளும். நம் செல்லில் அவ்வளவு உப்பு ஏறினால் புரதமெல்லாம் திரிந்துபோகும், இதன் புரதங்கள் அந்த உப்பு இருந்தால்தான் நிமிர்ந்து நிற்கும். தூக்கி நல்ல தண்ணீரில் போட்டால் உடைந்து கரைந்துவிடும். ஐப்பசி மழைக்குப் பாத்தியின் சிவப்பு போய்விடுகிறதே, கவனித்திருப்பீர்கள்.

இதன் சவ்வும் வேறு மாதிரி. டீச்சர் சொன்ன தலை, வால் கதை அப்படியே பொருந்தும், ஆனால் வாலைத் தலையோடு இணைக்கிற பிணைப்பு நம்முடையதில் எஸ்டர், இதில் ஈதர். ஈதர் எளிதில் அறுபடாது. வால்களும் கிளை கிளையாக இருக்கும். அப்புறம் இதன் சவ்வில் ஊதாத் திட்டுகள் உண்டு, பாக்டீரியோரொடாப்சின் என்ற ஒரே புரதம் நெருக்கமாக அடுக்கி வைத்தது. 1971இல் ஓஸ்டர்ஹெல்ட், ஸ்டோக்கெனியஸ் இருவரும் கண்டது. வெயில் பட்டால் அந்தப் புரதம் புரோட்டானை உள்ளிருந்து வெளியே தள்ளும். வெளியே சேர்ந்த புரோட்டான் திரும்ப உள்ளே வர முயலும்போது அந்த ஓட்டத்தில் ஏ.டி.பி. தயாராகிவிடும். குளோரோபில் எதுவும் இல்லாமல் சூரிய ஒளியில் பிழைக்கிற வழி. அதில் இருக்கிற நிறமி ரெட்டினால், நம் கண்ணில் வெளிச்சத்தைப் பிடிக்கிற அதே பொருள். 1975இல் ஹெண்டர்சனும் அன்வினும் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் இந்தப் புரதத்தை ஆராய்ந்து, அது சவ்வைக் குறுக்கே ஏழு முறை கடக்கிறது என்று காட்டினார்கள். சவ்வுக்குள் புரதம் எப்படிப் பொதிந்திருக்கிறது என்று உலகம் முதலில் தெரிந்துகொண்டது நம் பாத்தியில் கிடக்கிற ஜாதியிடமிருந்துதான் என்பதை எங்கள் வகுப்பில் யாரும் சொல்லவில்லை, எனக்கு அந்த மனத்தாங்கல் இன்னும் உண்டு.

இந்தச் சிவப்பால் உங்களுக்கும் லாபம் இருக்கிறது. நிறமிகள் வெயிலை அதிகம் உறிஞ்சுவதால் பாத்தித் தண்ணீர் கூடுதலாகச் சூடேறிச் சீக்கிரம் வற்றும்.


அளத்துக்காரன் (ஆறுமுகநேரி):

எல்லோருக்கும் நன்றி. பீட்ரூட் சோதனையை மகள் செய்துவிட்டாள், பச்சைத் தண்ணீரும் லேசாக ரோஸ் ஆனது, கழுவினது போதவில்லை போல. யூரியா விஷயத்தைப் படித்துவிட்டு டியூஷனில் போய்க் கேட்பேன் என்கிறாள், அங்கே என்ன நடக்குமோ.

பேச்சோடு பேச்சாக ஒன்று. அளத்தில் உப்பு வாருகிற பெண்களுக்கு வெயில் காலத்தில் கடையில் விற்கிற குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறோம். சிலர் வெறும் உப்புத் தண்ணீர் போதும் என்கிறார்கள், சர்க்கரை தெம்புக்குத்தானே, அது இல்லாமலே நடக்கும் என்று. லேப்காரத் தம்பி சோடியம் என்றும் டீச்சர் குளுக்கோஸ் என்றும் எழுதியதைப் பார்த்ததும் கேட்கத் தோன்றியது. எது சரி?


சேரன்மகாதேவி நர்ஸ்:

அண்ணாச்சி, இரண்டும் முழுசாகச் சரியில்லை. இதற்கும் காரணம் செல் சவ்வுதான்.

சிறுகுடல் செல்களின் சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது, அது இரண்டு சோடியத்தையும் ஒரு குளுக்கோஸையும் சேர்த்துத்தான் உள்ளே எடுக்கும். ஒன்று இல்லாவிட்டால் மற்றதையும் எடுக்காது. உள்ளே சோடியம் குறைவாக இருப்பதால் வெளியில் இருப்பது உள்ளே வரத் துடிக்கும், அந்தத் துடிப்பில் குளுக்கோஸையும் இழுத்துக்கொண்டு வருகிறது. உள்ளே வந்த சோடியத்தை லேப்காரர் சொன்ன மூணு ரெண்டு பம்ப் மறுபக்கம் ரத்தத்துக்குத் தள்ளிவிடும். உப்பும் சர்க்கரையும் போன பக்கம் தண்ணீரும் போகும். ஆக, உடம்பில் தண்ணீர் வற்றும்போது குடிக்கக் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசலில் சர்க்கரையின் முதல் வேலை தெம்பு கொடுப்பதல்ல, உப்பையும் தண்ணீரையும் உள்ளே கொண்டுபோவது. ராபர்ட் கிரேன் என்பவர் 1960இல் இந்த ஜோடிப் பயணத்தைச் சொன்னார்.

காலராவில் குடல் தண்ணீரை வெளியே கொட்டிக்கொண்டிருக்கும்போதும் இந்தப் புரதம் மட்டும் கெடாமல் வேலை செய்யும். 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் எல்லை தாண்டி வந்த முகாமில் காலரா பரவி சலைன் பாட்டில் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலை டிரம்மில் கலக்கி வாய்வழியாகவே கொடுக்க வைத்தார். சாவு 30 சதவீதம் பக்கம் இருந்தது 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. 2023இல் அவருக்குப் பத்ம விபூஷண் கொடுத்தார்கள், அதற்கு முந்தைய வருஷமே அவர் இறந்துவிட்டார்.

உங்கள் குளுக்கோஸ் பவுடரில் பெரும்பாலும் குளுக்கோஸ்தான், சோடியம் இருக்காது அல்லது பேருக்கு இருக்கும். வெறும் உப்புத் தண்ணீரும் சரியாக உறிஞ்சப்படாது, குமட்டும். சர்க்கரையை அள்ளிப் போட்டாலும் ஆபத்து, குடலுக்குள் அடர்த்தி ஏறி உடம்பிலிருந்து தண்ணீரை அந்தப் பக்கம் இழுத்துவிடும், வயிற்றுப்போக்கு இருக்கிறவருக்கு இன்னும் கூடும். ஒருகாலத்தில் ஓ.ஆர்.எஸ். அடர்த்தி (கரைந்த துகள்களின் கணக்கு) லிட்டருக்கு 311 மில்லிஆஸ்மோல் ஆக இருந்தது, 2002இல் உலக சுகாதார நிறுவனம் அதை 245 ஆகக் குறைத்ததும் இந்தக் கணக்கில்தான். இப்போதைய பாக்கெட்டில் லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்கு 75 மில்லிமோல், இரண்டும் சமம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாக்கெட் சும்மாவே கிடைக்கும், கேளுங்கள். வாங்கும்போது உறையில் லிட்டருக்கு என்ன அளவு என்று பாருங்கள், ஓ.ஆர்.எஸ். மாதிரி பெயர் வைத்துச் சர்க்கரைப் பானம் விற்கிற கடைகளும் உண்டு. பாக்கெட் இல்லாத நாளில் காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் சர்க்கரை ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டையும் தலைதட்டி அளந்து போடுங்கள். கரைத்ததை அன்றைக்கே குடித்து முடித்துவிட வேண்டும், மிச்சத்தை மறுநாளுக்கு வைக்காதீர்கள். ரத்தக் கொதிப்பு, கிட்னி தொந்தரவு இருக்கிற அக்காக்கள் யாராவது இருந்தால் தினமும் குடிக்கலாமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.